வெள்ளோட்டக்காரி

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "அச்சுக்குக் குடுக்கதுக்கு முன்னாடி ஒரு தடவ எழுதிப் பாத்தீங்களா டீச்சர்?" என்று எங்கிருந்தாவது போன் போட்டுக் கேட்பாள். நான் எதையும் எழுதிப் பார்க்கிற ஆள் இல்லை. வந்தது வரட்டும் என்று இறங்கிவிடுகிறவள். அதனாலோ என்னவோ, பாளையங்கோட்டையில் ஒரே வளவில் கீழ்வீட்டில் நானும் மாடிவீட்டில் அவளுமாகக் குடியிருந்த வருஷங்களில், அவளைப் பார்த்து எனக்கு எரிச்சல் வராத நாள் குறைவு. இப்போது அவர்கள் குடும்பம் வேறு ஊரில் இருக்கிறது. பெருநாளுக்கு ஒரு வாழ்த்து வரும், தீபாவளிக்கு ஒன்று போகும். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எழுதும்போது மட்டும் அவள் என்று வருகிறது.

முதலில் அவளைப் பார்த்தது அவள் வீடு பார்க்க வந்த அன்றுதான். எல்லாரும் வீடு பார்க்க வந்தால் சுவரைப் பார்ப்பார்கள், கக்கூஸைத் திறந்து பார்ப்பார்கள், வாடகையைக் குறைக்கச் சொல்வார்கள். இவள் கையோடு ஒரு பிளாஸ்டிக் குடம் கொண்டுவந்திருந்தாள். கீழே வளவுக் குழாயில் நிறையத் தண்ணீர் பிடித்து, இடுப்பில் வைத்து, மாடிப்படி ஏறினாள். மேலே கொட்டிவிட்டு இறங்கி வந்தாள். மறுபடியும் பிடித்து, இந்தத் தடவை கைப்பிள்ளையை ஒரு இடுப்பிலும் குடத்தை மறு இடுப்பிலும் வைத்துக்கொண்டு ஏறினாள். வீட்டுச் சொந்தக்கார அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பாவம், மனசு சரியில்லாத பிள்ளை போல என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை பள்ளிக்கூட நேரத்துக்கு வந்து, அந்த நெரிசலில் மூத்தவனைப் பள்ளி வாசல்வரை நடத்திக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பினாள். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குச் சம்மதம் சொன்னாள்.

"எதுக்கும் ஒரு வெள்ளோட்டம் விட்டுப் பாத்துருவோம்." இதுதான் அவள் வாயில் எப்போதும் கிடக்கும் பேச்சு. திருநெல்வேலியில் வெள்ளோட்டம் என்றால் தேர்தான் நினைவுக்கு வரும். தேரைப் புதிதாகச் செய்தாலும் பழுது பார்த்தாலும், சாமியை ஏற்றாமல் வீதியில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள். ஏர்வாடியில் பிறந்து மேலப்பாளையத்தில் வாக்கப்பட்டவளுக்கு அந்தச் சொல் எப்படி ஒட்டிக்கொண்டதோ தெரியாது. ரமலான் வருவதற்கு ஒரு மாதம் முன்பே நோன்புக் கஞ்சி காய்ச்சிப் பார்ப்பாள். அவள் மாமியார் மக்காவுக்கு உம்ரா யாத்திரை கிளம்பும் முன், வெறுங்காலோடு எங்கள் தெருவைச் சுற்றிச் சுற்றி நடக்கவைத்து, மூட்டு தாங்குகிறதா என்று பார்த்தாள். தங்கை கல்யாணத்துக்குப் பட்டுச்சேலையைக் கட்டவைத்து, மணப்பெண்ணை ஆட்டோவில் ஏறி இறங்கச் சொன்னாள். "உங்க அக்கா செத்தாலும் முந்தின நாளு ஒரு தடவ படுத்துப் பாத்துட்டுத்தான் சாவா" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். நான் அதை அவளிடமே போய்ச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, அண்ணாச்சி சொல்லுததும் சரிதான், பாயி பத்துமான்னு தெரியும்லா என்றாள்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். எதற்கு இந்தப் பாடு, போகிற இடத்தில் பார்த்துக்கொள்ளலாமே என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"உங்களுக்கு ஒண்ணு தப்பிப்போனா உங்க வீட்டு அண்ணாச்சி ஓடி வருவாவ. எனக்கு யாரு வருவா டீச்சர்? தனியா நிக்கவளுக்குத் தப்புப் பண்ண எடம் கெடையாது."

அதன்பிறகு அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. எரிச்சல் மட்டும் போகவில்லை. அது என் பிறவிக் குணம்.

அவள் கணவர் சவுதியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தார். கடைசியாக விடுப்பில் வந்து போனபோது சின்னவளுக்கு ஒன்றரை வயசு. பிறகு கம்பெனியில் ஆள் குறைத்தார்கள், விடுப்பு தள்ளித் தள்ளிப் போனது. மூத்தவன் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டான். அவனுக்கு வாப்பா முகம் நினைவிருந்தது. சின்னவளுக்கோ வாப்பா என்றால் அந்திநேர மக்ரிப் தொழுகைக்குப் பிறகு போனுக்குள் வந்து பேசுகிற ஒரு முகம், அவ்வளவுதான். சலாம் சொல்லு என்றால் சொல்வாள், முத்தம் கொடு என்றால் கண்ணாடியில் எச்சில் பண்ணுவாள். அடுத்த நிமிஷம் கீழே இறங்கி வந்து என் வீட்டு உளுந்து டப்பாவுக்குள் கைவிட்டு அளைந்துகொண்டிருப்பாள். போனில் அந்த மனிதர் இன்னும் பேசிக்கொண்டிருப்பார்.

கடைசியில் ஒரு கோடை விடுமுறைக்கு அவருக்கு விடுப்பு கிடைத்தது. செய்தி வந்த அன்று அவள் மகிழ்ச்சியாக இருப்பாள் என்று பார்த்தால், என் அடுக்களைக்குள் வந்து குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். அந்தச் சின்ன அடுக்களையில் நடக்க இடம் ஏது? ஒரு பக்கம் கேஸ் அடுப்பு, மறு பக்கம் நான். நடந்துகொண்டே சொன்னாள், பிள்ளைகளைத் தீம் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறோம் என்று. மதுரை தாண்டி ஒன்று இருந்தது. எங்கள் பள்ளிப் பிள்ளைகளே அங்கே போய்வந்து ஒரு வாரத்துக்கு அதையே பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வீட்டில் யாரும் அதுவரை போனதில்லை. நல்லதுதானே, போய்விட்டு வாருங்கள் என்றேன். அவள் நின்றாள்.

"இந்தப் பிள்ளை அவியட்ட ஒட்டமாட்டா டீச்சர். எனக்குத் தெரியும். பத்து பொம்ம வாங்கிட்டு வந்தாலும் ஒட்டமாட்டா. ஆனா, பயம் வந்தா பிள்ளை பக்கத்துல இருக்க ஆளத்தான் இறுக்கிப் பிடிக்கும். ராட்டுல ஏறும்போது அவிய பக்கத்துல இருக்கணும். ஒரு தடவ பிடிச்சுக்கிட்டா போதும்."

அப்போதுதான் புரிந்தது. அவளுக்குச் சறுக்கு முக்கியமில்லை, அலைக்குளம் முக்கியமில்லை. நாலு வயசுப் பெண் தன் தகப்பனை ஒருமுறை இறுக்கிப் பிடிக்கவேண்டும், அவர் திரும்பிப் போவதற்குள். அதற்காகத்தான் அத்தனையும். மனசு இளகி அவளுக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்தேன். ஆனால் அந்த இரக்கத்தை ரொம்ப நாள் வைத்துக்கொள்ள அவள் விடவில்லை. மறுநாளே வெள்ளோட்டம் ஆரம்பமாகிவிட்டது.

மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள். அதுதான் ராட்டினம், அவள் பேச்சில் ராட்டு. சின்னவள் ஒரு நாற்காலியில், பக்கத்து நாற்காலியில் வாப்பா. வாப்பா சவுதியில் இருந்ததால், வாப்பா நான்தான். பள்ளிக்கூடத்தில் ஆறு பீரியடு கத்திவிட்டு வந்து, முகம்கூடக் கழுவாமல் மாடியில் போய் வாப்பாவாக உட்காருவேன். அவள் பின்னால் நின்று நாற்காலிகளை ஆட்டுவாள். மூத்தவன் காற்று அடிக்கிற சத்தம் கொடுப்பான். "பிடிச்சுக்கோ, பிடிச்சுக்கோ, வாப்பாவ பிடிச்சுக்கோ" என்று அவள் கத்த, சின்னவள் சிரித்துக்கொண்டே என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். எண்ணெய் மணக்கிற அந்தத் தலை என் நெஞ்சில் முட்டும்போது, இது எனக்கு வரவேண்டியது இல்லையே என்று ஒரு சங்கடம் தோன்றும். அதை நான் அவளிடம் சொன்னதில்லை.

அங்கே அலைக்குளத்தில் இறங்க நைலான் துணிதான் போடவேண்டும், பருத்தி கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதற்கும் வெள்ளோட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்களைக் குறுக்குத்துறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் கழுத்துவரை மூடிய நைலான் சுடிதாரும் தலையில் இறுக்கிக் கட்டிய துணியுமாக ஆற்றில் இறங்கி, முங்கி, எழுந்து, படியில் ஏறி, கனக்கிறதா என்று நடந்து பார்த்தாள். பிள்ளைகளுக்கும் அதே. எனக்கும் அதே. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கையை நிறுத்திவிட்டு, இது என்ன வேண்டுதல் என்று கேட்டாள். தீம் பார்க்குக்குப் போகிறோம் என்றாள் இவள். அந்த அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தாள். "அதுக்கு ஏம்மா ஆத்துல முங்குதிய?" என்று கேட்டாள். நான் இன்னொரு முங்கு முங்கினேன்.

மூத்தவனுக்குப் பஸ்ஸில் வாந்தி வரும். அதனால் பாபநாசம்வரை பஸ்ஸில் போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். சில ராட்டுகளில் ஏற இவ்வளவு உயரம் வேண்டுமாம். சுவரில் ஒரு கோடு போட்டு, வெள்ளிக்கிழமைதோறும் சின்னவளை அதன் கீழ் நிற்கவைத்தாள். தினம் ஒரு முட்டை கொடுத்தாள். முட்டைதான் தீர்ந்ததே தவிர, பெண் அந்தக் கோட்டைத் தொடவில்லை. கடைசியில், தேநீர்க் கோப்பை மாதிரி செய்து சுற்றவிடுகிற ஒரு சின்ன ராட்டுக்கு உயரம் தேவையில்லை என்று கேள்விப்பட்டு, அதையே நம்பிக்கொண்டாள்.

எல்லாவற்றையும்விட அவள் பாடுபட்டது, பிள்ளை கூட்டத்தில் தொலைந்தால் என்ன செய்யவேண்டும் என்பதற்குத்தான். தொலைந்தால் ஓடக்கூடாது. நின்ற இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். யார் கூப்பிட்டாலும் போகக்கூடாது. உன் வாப்பா அனுப்பினார் என்று சொன்னாலும் போகக்கூடாது. யாராவது தூக்கினால், உடம்பைத் தொளதொளவென்று விட்டு நழுவி, தரையில் உட்கார்ந்து கத்தவேண்டும். கத்தும்போது உம்மாவின் போன் நம்பரைச் சொல்லவேண்டும். ஒழுங்காகச் செய்தால் எள்ளுருண்டை உண்டு. வீட்டில் பழக்கிய பிறகு, ஒரு ஜவுளிக்கடைக் கூட்டத்தில் வெள்ளோட்டம். அவளுக்குத் தெரிந்த, பிள்ளைக்குத் தெரியாத ஓர் ஆட்டோக்காரரிடம் சொல்லிவைத்து, பிள்ளையைத் தூக்கச் சொன்னாள். சின்னவள் பாடம் பிசகாமல் நழுவி உட்கார்ந்து, கடை அதிரக் கத்தினாள். ஆட்டோக்காரரை நாலுபேர் பிடித்துக்கொண்டார்கள். அவரை மீட்பதற்குள் அவளுக்கும் எனக்கும் போதும்போதும் என்றாகிவிட்டது. அந்த மனிதர் பிறகு எங்கள் தெருப்பக்கம் சவாரியே வருவதில்லை. ஆனால் அவள் முகத்தில் அன்று இருந்த பெருமையை, என் மாணவர்கள் கணக்கில் நூறு வாங்கியபோதுகூட நான் உணர்ந்ததில்லை.

அவள் கணவர் வந்தார். ஒல்லியான, சத்தமில்லாத மனிதர். வந்த அன்று பெட்டியைத் திறந்து பொம்மையை எடுத்து நீட்டினார். சின்னவள் உம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். பொம்மையை மூத்தவன் வாங்கி அவளிடம் கொடுத்தான். அவன் கையால் கொடுத்ததும் வாங்கிக்கொண்டாள். சாக்லேட்டும் அப்படித்தான். அவர் உட்கார்ந்தால் எழுந்து போவாள், அவர் அறைக்குள் வந்தால் கீழே என் வீட்டுக்கு வந்துவிடுவாள். பிள்ளை இங்கே இருக்கிறாளா என்று படியில் நின்று கேட்பார், உள்ளே வரமாட்டார். தன் வீட்டில் தண்ணீர் குடிக்கவும் கேட்டுக் குடிக்கிற மனிதராக இருந்தார். நாள் போய்க்கொண்டிருந்தது. அவள் தூங்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. துவைத்ததையே துவைத்தாள், பெருக்கியதையே பெருக்கினாள். வேன் பேசியாகிவிட்டது. நாங்களும் கூட வருவதாக ஏற்பாடு. அதற்கு முன் கடைசியாக ஒரு வெள்ளோட்டம், எல்லாரும் சேர்ந்து, என்றாள். ஊரில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள்.

நல்ல கூட்டம். அப்பளக் கடையில் அவள் மூத்தவனோடு நின்றாள். நான் பக்கத்தில் வளையல் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னவள் உம்மாவின் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள், எப்போது விட்டாளோ தெரியாது. ஒரு குரங்குப் பொம்மை கம்பில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறாள். முன்னால் ஆட்கள் மறைத்தார்கள். பிள்ளைக்குத் தெரியட்டுமே என்று, பின்னால் நின்ற அவர் இரண்டு கையாலும் அவளைத் தூக்கி உயர்த்தினார். வந்ததிலிருந்து அவர் அவளைத் தொட்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அவள் திரும்பிப் பார்த்தாள். உம்மாவைக் காணோம். உடம்பைத் தொளதொளவென்று விட்டாள், நழுவினாள், தரையில் உட்கார்ந்தாள், கத்தினாள். போன் நம்பரைக் கத்தினாள். நடுநடுவே ஒன்று சேர்த்துக்கொண்டாள், அது யாரும் சொல்லிக்கொடுக்காதது.

"இவிய எங்க வாப்பா இல்ல. எங்க வாப்பா போனுக்குள்ள இருக்காவ."

ஒரு நொடியில் கூட்டம் சுற்றிக்கொண்டது. யாரோ ஒருவன் அவர் சட்டையைப் பிடித்தான். யார்லே நீ என்றது ஒரு குரல். அவர் பையிலிருந்து போனை எடுத்து, பிள்ளையின் படத்தைக் காட்டலாம் என்று பார்த்தார். அவசரத்தில் போன் திறக்கவில்லை. நானும் அவளும் ஆட்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். இது என் வீட்டுக்காரர், இது எங்கள் பிள்ளை என்று அவள் சொன்னதை முதலில் யாரும் காதில் வாங்கவில்லை. நான் என் டீச்சர் குரலை எடுத்துக் கத்திய பிறகுதான் சட்டையை விட்டார்கள். விட்டவன், பிள்ளையை ஒழுங்காக வளர்த்திருக்கிறீர்கள் என்று வேறு சொல்லிவிட்டுப் போனான்.

சின்னவள் அழவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே உம்மாவை நிமிர்ந்து பார்த்துக் கையை நீட்டினாள், எள்ளுருண்டைக்கு.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு அவள் நின்ற நிலையை நான் மறக்கமாட்டேன். எத்தனையோ வெள்ளோட்டம் விட்டவள், அந்தப் பாடம் திரும்பி யார்மேல் பாயும் என்று ஒருதடவைகூட நினைத்துப் பார்த்திருக்கவில்லை. வீடு வந்த பிறகுதான் பார்த்தேன், அவர் சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்திருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அவர் கீழே வந்து என் வீட்டுக்காரரிடம் உட்கார்ந்து, டிக்கெட்டை முன்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், கம்பெனியிலும் சந்தோஷப்படுவார்கள் என்றார். ஏன் என்று இவர் கேட்டார். "இங்கன இருந்து என்ன செய்ய அண்ணாச்சி?" என்றார் அவர். படியின் மேல் அவள் நிற்பது எனக்குத் தெரிந்தது. அவள் காதிலும் அது விழுந்தது.

மறுநாள் காலை விடிந்ததும் வந்தாள். நாளைக்கு வேன் வருகிறது, அவரும் பிள்ளைகளும் மட்டும் போகிறார்கள், நானும் வரவில்லை, நீங்களும் வரவேண்டாம் என்றாள். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

"நான் நின்னா அவ என்னையத்தான் பிடிப்பா. நீங்க நின்னா உங்களப் பிடிப்பா. பிடிக்கதுக்கு அவளுக்கு வேற ஆளு இருக்கக்கூடாது டீச்சர்."

அங்கே போய் உட்கார்ந்து கத்தினால் என்ன செய்வது, ஊர் தெரியாத இடத்தில் அவரை அடித்துவிட்டால் என்ன செய்வது என்று நான் படபடத்தேன். எதிலும் குதித்துவிடுகிற நான், ஒரு வெள்ளோட்டமாவது விட்டுப் பாருங்கள் அக்கா, பாபநாசம்வரையாவது அவர்களை அனுப்பிப் பாருங்கள் என்று கெஞ்சினேன். அவள் தலையை ஆட்டினாள். "கத்துனா அவிய பாத்துக்கிடட்டும். வாப்பா தானே அவிய?" என்றாள். சொல்லும்போதே என் அடுப்புத் திண்டைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

வேன் கிளம்பும்போது சின்னவளைக் குனிந்து பார்த்து, இவிய தூக்கினால் கத்தக்கூடாது என்று மட்டும் சொன்னாள். போனுக்குள் இருக்கிறவர்தானா என்று பிள்ளை கேட்டது. அவரேதான் என்றாள். பிள்ளை அவரை ஒரு சந்தேகப் பார்வை பார்த்துவிட்டு, அண்ணனுக்கு அந்தப்பக்கமாக ஏறி உட்கார்ந்துகொண்டது. மாற்றுத்துணிப் பையைக்கூட அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. அவரே தேடி எடுத்தார்.

அன்று முழுக்க அந்த வளவு அமைதியாக இருக்கவில்லை. அவள் படியில் இறங்கி வந்தாள், ஏறிப் போனாள். வாசலுக்குப் போய் நின்றாள். தலைகாணி உறைகளைக் கழற்றினாள், மாட்டினாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் நீட்டி, இதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், நான் கேட்டாலும் தராதீர்கள் என்றாள். அரைமணி நேரம் போகாது, கேட்பாள். நான் தரமாட்டேன். முறைப்பாள். பகல் சாப்பாட்டை இரண்டு பேரும் பிசைந்து வைத்துவிட்டு எழுந்தோம். அவர் கூப்பிடவே இல்லை. அடித்திருப்பார்கள், போலீஸ் ஸ்டேஷனில் இருப்பார் என்று ஒருமுறை சொன்னாள். பிறகு, கத்தியிருந்தால் என் நம்பருக்குத்தானே போன் வந்திருக்கும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். என் கையிலிருந்த அவள் போனை நாங்கள் இரண்டு பேரும் வெறித்துப் பார்த்தோம். அது சும்மா கிடந்தது.

இருட்டிய பிறகு வேன் வந்தது. முதலில் மூத்தவன் குதித்தான். பின்னால் அவர் இறங்கினார். தோளில் சின்னவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் முகம் வெளிறிக் கிடந்தது, சட்டை முன்பக்கம் கழுவிக் காய்ந்த கறை. அவள் ஓடிப்போய்ப் பிள்ளையை வாங்கக் கையை நீட்டினாள். பிள்ளை தூக்கத்தில் முனகி, முகத்தை அந்தப்பக்கம் திருப்பி, அவர் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டது. நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் நின்றாள். ஆசைப்பட்டது நடந்திருந்தது. ஆனாலும் அவளுக்கு வலித்தது, அதையும் பார்த்தேன்.

நடந்ததை மூத்தவன்தான் சொன்னான். கோப்பை ராட்டில் ஏறியதும் சின்னவள் பயப்படவே இல்லையாம். இன்னும் வேகமாகச் சுற்றச் சொன்னாளாம். பயந்தது வாப்பாதான். கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டாராம். இறங்கியதும் ஒரு செடியோரம் போய் வாந்தி. மூத்தவன் வாந்தி எடுக்கும்போது உம்மா என்ன செய்வாளோ அதை இவள் பார்த்திருக்கிறாள். போய் முதுகைத் தடவிவிட்டாளாம். வாயைக் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் கொடுத்தாளாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ராட்டு வாசலிலும் அவர் கையைப் பிடித்து இழுத்து ஓரமாக உட்காரவைத்து, "வாப்பாக்குச் சுத்துனா ஆவாது" என்று அங்கே நிற்கிற ஆட்களிடம் சொல்லியிருக்கிறாள். கூட்டத்தில் அவர் தொலைந்துவிடக் கூடாதே என்று நாள் முழுக்க அவர் விரலை விடவில்லையாம்.

இதைக் கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்கமாட்டேன் என்றது. அவர் வாசல்படியில் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தார். டிக்கெட்டை மாற்றும் பேச்சு அதன்பிறகு வரவில்லை.

மிச்சமிருந்த நாட்களில் சின்னவள் என் வீட்டுக்கு வருவது நின்றுபோனது. அவருக்குச் சோறு வைப்பது அந்தப் பிள்ளைதான், மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்பதும் பிள்ளைதான். அவர் ஊருக்குக் கிளம்பும் நாள் வந்தது. திருவனந்தபுரத்தில் விமானம். பகலில் கார் வந்து வளவு வாசலில் நின்றது. பிள்ளைகளை அவ்வளவு தூரம் அலைக்கழிக்க வேண்டாம், இங்கேயே சொல்லிக்கொள்கிறேன் என்றார். பெட்டியை ஏற்றியதும் சின்னவள் தன் செருப்பை மாட்டிக்கொண்டு காரில் ஏறினாள். இறக்கினார்கள். மறுபடி ஏறினாள். வாப்பாவுக்கு வண்டி சுற்றினால் ஆகாது, நான் போகணும் என்றாள். கடைசியில் அவள் பிள்ளையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தாள். கார் நகர்ந்தது. சின்னவள் போட்ட கூச்சல் அந்த ஜவுளிக்கடைக் கூச்சலைப் போல இல்லை. அதில் நம்பரும் இல்லை, பாடமும் இல்லை. வாசல் மண்ணில் புரண்டு, கை காலை அடித்து, வாப்பா வாப்பா என்று மூச்சு அடைக்க அழுதாள்.

எனக்குத் தாங்கவில்லை. தூக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தூக்காதீங்க டீச்சர். அழட்டும்."

பிள்ளைக்குப் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கண்ணிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை. அழுதுகொண்டே சொன்னாள், போன தடவை அவர் கிளம்பும்போது சின்னவள் என் இடுப்பில் இருந்துகொண்டு முறுக்கைக் கடித்தபடி டாட்டா காட்டினாள், பஸ்ஸுக்குக் காட்டுகிற மாதிரி காட்டினாள், அவர் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு அழுததை நான் பார்த்தேன் என்று. இத்தனை வருஷத்தில் அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சின்னவளுக்கு அழுது அழுது குரல் கட்டத் தொடங்கியது. கார் தெருமுனையில் திரும்பி வெகு நேரமாகிவிட்டது. அவள் அந்த முனையையே பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"இவ அழுத சத்தம் காருக்குள்ள அவியளுக்குக் கேட்டுருக்கும்லா டீச்சர்?"

கேட்டிருக்கும் என்றேன்.